பதிவுவாரி அணுகல் அனுமதி

பதிவுவாரி அணுகல் அனுமதி என்பது ஓர் உறவுசார் தரவுத்தள அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பதிவையும் யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் நீக்கலாம் என்பதைத் தனித்தனியே தீர்மானிக்கும் முறை ஆகும். ஒரே அட்டவணையை நூறு பேர் பயன்படுத்தினாலும், ஒவ்வொருவருக்கும் அவரவர் பணிக்கு உரிய பதிவுகள் மட்டுமே தெரியும். மருத்துவமனை, வங்கி, கல்லூரி, உள்ளாட்சி அலுவலகம் போன்று பலர் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இம்முறை தேவைப்படுகிறது.

இக்கட்டுரை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை போன்றதொரு மருத்துவமனையை மனத்தில் கொண்டு, இவ்வகை அனுமதிகளை வடிவமைக்கும் முறையை விளக்குகிறது. இங்கே தரப்படும் அட்டவணைகளும் எண்களும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. அவை அம்மருத்துவமனையில் உள்ள மென்பொருளைக் குறிப்பன அல்ல.

பின்னணி

தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை 1928 ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சௌரி முத்து தொடங்கினார். 1937 இல் அதனைச் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. மருத்துவமனையின் பெயரே நாளடைவில் அப்பகுதிக்கும் மின்தொடர் வண்டி நிலையத்துக்கும் பெயராயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர், 1990களிலிருந்து, தாம்பரம் மருத்துவமனை எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் முக்கிய மையமாக விளங்கி வருகிறது.

காசநோயும் எச்.ஐ.வி.யும் உடலைப் பாதிப்பதோடு நிற்பதில்லை. நோய் பற்றிய செய்தி வெளியே தெரிந்தால் வேலை போகலாம். வாடகை வீடு மறுக்கப்படலாம். திருமணப் பேச்சு நின்றுபோகலாம். எனவே இத்தகைய மருத்துவமனையில் ஒரு பதிவு தவறான கண்ணில் படுவது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடும்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 8 ஆவது பிரிவு, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதல் இன்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. சிகிச்சையில் ஈடுபட்டுள்ள மற்றொரு மருத்துவப் பணியாளருக்குத் தேவையின்பொருட்டுத் தெரிவிப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே அதில் உள்ளன. 11 ஆவது பிரிவு, இத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது. தகவலை அணுகுவதற்கான நடைமுறை, பாதுகாப்பு ஏற்பாடு, ஊழியர்களின் பொறுப்புடைமை ஆகியவை அந்நடவடிக்கைகளில் அடங்கும். சட்டம் கேட்கும் இம்மூன்றையும் தரவுத்தளத்தில் எவ்வாறு அமைப்பது என்பதே வடிவமைப்பாளர் முன்னுள்ள கேள்வி.

அட்டவணை மட்ட அனுமதியின் போதாமை

உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டை எட்கர் காட் 1970 இல் வெளியிட்டார். ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தில், அனுமதி வழங்கவும் திரும்பப் பெறவுமான முறையைக் கிரிஃபித்ஸ், வேட் ஆகிய இருவரும் 1976 இல் விவரித்தனர். இன்று எஸ்.க்யூ.எல். மொழியில் உள்ள கிராண்ட், ரிவோக் கட்டளைகள் அந்த வழியில் வந்தவையே.

இக்கட்டளைகள் பொதுவாக அட்டவணை அளவில் செயல்படுகின்றன. 'செவிலியர்கள் நோயாளி அட்டவணையைப் படிக்கலாம்' என்று அனுமதி கொடுத்தால், 4 ஆவது வார்டில் பணிபுரியும் செவிலியர் மருத்துவமனையின் எல்லா நோயாளிகளையும் பார்க்க முடியும். அனுமதி கொடுக்காவிட்டால் தம் வார்டில் படுத்திருப்பவரைக்கூடப் பார்க்க முடியாது. இரண்டும் சரியல்ல. சில தரவுத்தளங்கள் புல அளவிலும் அனுமதி தருகின்றன. அதாவது பெயரைக் காட்டி, முகவரியை மறைக்கலாம். ஆனால் 'எந்த நோயாளி' என்ற கேள்விக்கு அதிலும் விடை இல்லை. அந்த விடையைத் தருவதே பதிவுவாரி அனுமதி.

எடுத்துக்காட்டு அட்டவணைகள்

ஒரு மருத்துவமனைக்குக் கீழ்க்கண்ட ஐந்து அட்டவணைகள் இருப்பதாகக் கொள்வோம்.

1. நோயாளி: பதிவெண், பெயர், வயது, ஊர்.
2. சேர்க்கை: நோயாளியின் பதிவெண், வார்டு எண், சேர்ந்த நாள், வெளியேறிய நாள்.
3. ஊழியர்: ஊழியர் எண், பெயர், பணிப்பங்கு.
4. பணியமர்வு: ஊழியர் எண், வார்டு எண், தொடங்கும் நாள், முடியும் நாள்.
5. ஆய்வக முடிவு: நோயாளியின் பதிவெண், சோதனை, முடிவு, நாள்.

இதில் செவிலியருக்கான விதியை இவ்வாறு எழுதலாம்: ஒரு நோயாளியின் பதிவு ஓர் ஊழியருக்குத் தெரிய வேண்டுமானால், அந்த நோயாளி இன்று ஒரு வார்டில் சேர்க்கையில் இருக்க வேண்டும், அந்த ஊழியர் இன்று அதே வார்டில் பணியமர்வில் இருக்க வேண்டும்.

101, 102, 103, 104, 105 என ஐந்து நோயாளிகள் இருக்கின்றனர். அவர்களுள் 101, 104 ஆகிய இருவர் மட்டும் 4 ஆவது வார்டில் உள்ளனர் என்க. அந்த வார்டின் செவிலியர் 'எல்லா நோயாளிகளையும் காட்டு' என்று வினவினாலும் இரண்டு பதிவுகளே வரும். மற்ற மூவர் இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற செய்திகூட வராது என்பது முக்கியம். அச்செய்தியே அப்படி ஒருவர் அங்கே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று வடிவமைப்பு வழிகள்

முதல் வழி, ஒவ்வொரு பதிவிலும் 'உரிமையாளர்' என்ற புலத்தைச் சேர்ப்பது. பதிவை உருவாக்கியவர் மட்டுமே அதைப் பார்க்கலாம். தனிப்பட்ட குறிப்பேடு, மாணவர் விண்ணப்பம் போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் ஒரு நோயாளியைக் காலை, மதியம், இரவு என மூன்று முறைப் பணியாளர்கள் கவனிக்கும்போது ஒரே உரிமையாளர் என்பது பொருந்தாது.

இரண்டாவது வழி, அனுமதிப் பட்டியலுக்கென ஒரு தனி அட்டவணை வைப்பது. 'இந்த நோயாளி, இந்த ஊழியர், இந்த அனுமதி' என்று ஒவ்வோர் இணைக்கும் ஒரு பதிவு இருக்கும். இது மிகவும் நெகிழ்வானது. ஆனால் எளிதில் பெருகிவிடும். 50,000 நோயாளிகள் இருந்து, ஒவ்வொருவருக்கும் சராசரியாக 6 பேருக்கு அனுமதி தரப்பட்டால், பட்டியலில் 3,00,000 பதிவுகள் சேரும். ஒரு செவிலியர் 4 ஆவது வார்டிலிருந்து 7 ஆவது வார்டுக்கு மாறினால், அவருடைய பழைய அனுமதிகள் அனைத்தையும் தேடி நீக்க வேண்டும். நீக்க மறந்தவை அப்படியே தங்கிவிடும். பல ஆண்டு கழித்துப் பார்த்தால், யாருக்கு எதற்காக அனுமதி தரப்பட்டது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது வழி, ஏற்கெனவே உள்ள உறவுகளிலிருந்து அனுமதியைக் கணக்கிடுவது. மேலே கூறிய செவிலியர் விதி இவ்வகையைச் சேர்ந்தது. செவிலியர் வார்டு மாறினால் பணியமர்வு அட்டவணையில் பழைய பதிவை முடித்துப் புதியதைத் தொடங்கினால் போதும். அனுமதி தானாக மாறிவிடும். நோயாளி வீடு திரும்பினால் வெளியேறிய நாள் நிரப்பப்படும்; அன்றோடு வார்டு ஊழியர்களின் பார்வையும் முடியும்.

நடைமுறையில் மூன்றாவது வழியை அடிப்படையாகக் கொண்டு, விதிவிலக்குகளுக்கு மட்டும் இரண்டாவது வழியைப் பயன்படுத்துவது நல்லது. வேறு துறை மருத்துவரின் ஆலோசனை கேட்கப்படும்போது, அவருக்கு அந்த ஒரு நோயாளிக்கு மட்டும் மூன்று நாள் அனுமதி தருவது இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய ஒவ்வோர் அனுமதிக்கும் முடியும் நாள் கட்டாயம் இருக்க வேண்டும்.

பதிவைப் பிரித்து வைத்தல்

பதிவுவாரி அனுமதி ஒரு பதிவை முழுமையாகக் காட்டும் அல்லது முழுமையாக மறைக்கும். எனவே எச்.ஐ.வி. சோதனை முடிவை நோயாளி அட்டவணையிலேயே ஒரு புலமாக வைத்தால், பெயரையும் வயதையும் பார்க்க வேண்டிய பதிவு எழுத்தருக்கும் அது தெரிந்துவிடும். மறைவு தேவைப்படும் தகவலைத் தனி அட்டவணையில் வைத்து, அதற்குக் குறுகிய விதி எழுதுவதே முறை. உணவு வழங்குபவருக்குப் பத்தியம் தெரிந்தால் போதும். நோயின் பெயர் தேவையில்லை.

ஆனால் பிரித்து வைத்த பின்னும் வேறு வழியில் செய்தி வெளிவரலாம். மருந்தக அட்டவணையில் உள்ள மருந்தின் பெயரே நோயைச் சொல்லிவிடும். வார்டின் பெயரும் சொல்லும். எனவே ஓர் அட்டவணைக்கு விதி எழுதும்போது, அதே செய்தியை மறைமுகமாகத் தரக்கூடிய மற்ற அட்டவணைகளையும் பட்டியலிட்டு, அவற்றுக்கும் ஒத்த விதியை எழுத வேண்டும்.

விதியை எங்கே நிறைவேற்றுவது

விதியைப் பயன்பாட்டு மென்பொருளின் நிரலில் எழுதலாம். பெரும்பாலான மாணவர் திட்டங்களில் இவ்வாறே செய்யப்படுகிறது. இதன் குறை என்னவென்றால், ஒவ்வொரு திரையிலும் ஒவ்வோர் அறிக்கையிலும் அந்த நிபந்தனையை மறக்காமல் எழுத வேண்டும். நாற்பது இடங்களில் எழுதி, நாற்பத்தொன்றாவது இடத்தில் மறந்தால், அந்த ஓர் இடமே போதும்.

இரண்டாவது, வியூ எனப்படும் காட்சி அட்டவணை. நிபந்தனையைச் சேர்த்த ஒரு காட்சியை உருவாக்கி, பயனருக்கு அதற்கு மட்டும் அனுமதி தந்து, மூல அட்டவணைக்கான அனுமதியை விலக்கிவிடலாம். மைஎஸ்க்யூஎல் போன்று பதிவுவாரி விதி உள்ளமைக்கப்படாத தரவுத்தளங்களில் இதுவே நடைமுறை வழி.

மூன்றாவது, தரவுத்தளமே ஒவ்வொரு வினவலிலும் நிபந்தனையைத் தானாகச் சேர்ப்பது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோர் இங்கிரெஸ் தரவுத்தளத்துக்காக 1974 இல் முன்வைத்த 'வினவல் மாற்றம்' என்ற கருத்து இதன் தொடக்கம் ஆகும். 1999 இல் வந்த ஆரக்கிள் 8ஐ, 2016 ஜனவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 9.5, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2016 ஆகியவற்றில் இவ்வசதி அமைந்தது. இதில் விதி ஓரிடத்தில் இருக்கும். கைபேசிச் செயலி, இணையப் பக்கம், அறிக்கைக் கருவி என எதன் வழியே வந்தாலும் அதே விதி பொருந்தும்.

விதிகளின் இயல்பு

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டால் நான்கு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, ஓர் அட்டவணையில் பதிவுவாரிப் பாதுகாப்பை இயக்கிவிட்டு விதி எதுவும் எழுதாவிட்டால், சாதாரணப் பயனருக்கு ஒரு பதிவும் தெரியாது. கதவு மூடிய நிலையில் தொடங்குவது பாதுகாப்பானது.

இரண்டாவது, இசைவு விதிகள் பல இருந்தால் அவை 'அல்லது' என்று இணையும். ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் பதிவு தெரியும். கட்டுப்பாட்டு விதிகள் 'மற்றும்' என்று இணையும். அவை அனைத்தும் பொருந்த வேண்டும். 'வார்டு செவிலியர் பார்க்கலாம்' என்பதை இசைவு விதியாகவும், 'பணிநீக்கம் செய்யப்பட்டவர் பார்க்கக் கூடாது' என்பதைக் கட்டுப்பாட்டு விதியாகவும் எழுத வேண்டும். பின்னதை மறதியாக இசைவு விதியாக எழுதினால், பணியில் உள்ள எல்லாருக்கும் எல்லாப் பதிவுகளும் திறந்துவிடும்.

மூன்றாவது, படிப்பதற்கான நிபந்தனையும் எழுதுவதற்கான நிபந்தனையும் வேறு. முன்னது ஏற்கெனவே உள்ள பதிவைச் சோதிக்கும். பின்னது எழுதப்படும் புதிய பதிவைச் சோதிக்கும். எழுதுவதற்கான சோதனை இல்லாவிட்டால், ஒருவர் தமக்குத் தெரியாத வேறொரு வார்டின் பெயரில் பதிவை உருவாக்கிவிட முடியும். செவிலியர் பார்க்க வேண்டியவர். ஆய்வக முடிவைத் திருத்த வேண்டியவர் அல்லர். இவ்வேறுபாட்டை விதியில் தெளிவாகக் காட்ட வேண்டும்.

நான்காவது, வெற்று மதிப்பு. வார்டு எண் நிரப்பப்படாத பதிவை 4 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, 'தெரியாது' என்பதே. அப்பதிவு மறைந்துவிடும். பாதுகாப்புக்கு இது நல்லது. ஆனால் இப்போதுதான் வந்து இன்னும் வார்டு ஒதுக்கப்படாத நோயாளி யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும். எனவே சேர்க்கைப் பிரிவு ஊழியருக்கு அத்தகைய பதிவுகளைக் காட்டும் தனி விதி தேவை.

கசிவு ஏற்படும் இடங்கள்

விதி சரியாக இருந்தாலும் பின்வரும் இடங்களில் தகவல் கசியலாம்.

அட்டவணை உரிமையாளர்: அட்டவணையின் உரிமையாளருக்கு விதிகள் இயல்பாகப் பொருந்தா. மென்பொருள் அந்த உரிமையாளர் பெயரிலேயே தரவுத்தளத்தில் இணைந்தால், எழுதிய விதிகள் யாவும் பயனற்றவை. மென்பொருளுக்கென உரிமை குறைந்த தனிப் பயனரை உருவாக்க வேண்டும். உரிமையாளருக்கும் விதி பொருந்துமாறு கட்டாயப்படுத்தும் வசதியும் உள்ளது.

பகிரப்படும் இணைப்பு: இணையச் செயலிகள் ஒரு சில தரவுத்தள இணைப்புகளையே மாறி மாறிப் பலருக்குப் பயன்படுத்துகின்றன. ஒருவரின் ஊழியர் எண்ணை அமர்வு மாறியில் வைத்துவிட்டு அழிக்க மறந்தால், அடுத்து அதே இணைப்பைப் பெறுபவர் முன்னவராகக் கருதப்படுவார். அந்த மாறியை ஒரு பரிவர்த்தனைக்குள் மட்டும் செல்லுமாறு அமைத்தால் இத்தவறு நேராது.

காட்சி அட்டவணை: போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் காட்சி இயல்பாக அதன் உரிமையாளரின் அனுமதியோடு இயங்கும், வினவுபவரின் அனுமதியோடு அல்ல. பின்னது வேண்டுமென்றால், 15 ஆவது பதிப்பு முதல் உள்ள அதற்குரிய விருப்பத்தை இயக்க வேண்டும்.

தனித்தன்மைச் சோதனை: பதிவெண் இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும்போது, ஒருவர் தமக்குத் தெரியாத பதிவெண்ணை இட்டுப் பார்த்தால் 'ஏற்கெனவே உள்ளது' என்ற பிழை வரும். ஆதார் எண், கைபேசி எண் போன்றவற்றைத் தனித்தன்மைத் திறவுகோலாக வைத்தால், இன்னார் இங்கே நோயாளியா என்பதை இவ்வழியில் அறிய முடியும். பொருளற்ற உள் எண்ணைத் திறவுகோலாக வைப்பது நல்லது.

எண்ணிக்கை: அடையாளம் காண முடியாத புள்ளிவிவரங்களை வெளியிட எச்.ஐ.வி. சட்டம் இடமளிக்கிறது. ஆனால் 'இந்தச் சிற்றூரில், 20 முதல் 25 வயதுக்குள், 1 நபர்' என்ற எண்ணிக்கை, ஊராருக்கு ஒரு பெயரையே சொல்லிவிடும். குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த எண்ணிக்கைகளை அறிக்கையில் காட்டாமல் விட வேண்டும்.

அவசர அணுகல்

இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளி இருமும்போது இரத்தம் வருகிறது. அவருடைய வார்டு மருத்துவர் அங்கே இல்லை. வேறு பிரிவின் பணி மருத்துவர் ஓடி வருகிறார். அவர் அந்த வார்டின் பணியமர்வில் இல்லாததால் நோயாளியின் பதிவு அவருக்குத் தெரியாது. முன்பு கொடுக்கப்பட்ட மருந்துகளையும் ஒவ்வாமையையும் அறியாமல் அவர் சிகிச்சை தர நேர்ந்தால், இரகசியத்தைக் காத்த விதி உயிரைக் காக்கத் தவறிவிடும்.

இதற்காகவே அவசர அணுகல் என்ற ஏற்பாடு வைக்கப்படுகிறது. பணி மருத்துவர் காரணத்தைப் பதிந்தால், அந்த ஒரு நோயாளியின் பதிவு சில மணி நேரத்திற்குத் திறக்கும். திறந்தவர், நேரம், காரணம் ஆகியவை அழிக்க முடியாத குறிப்பாகச் சேமிக்கப்படும். அடுத்த நாள் பொறுப்பு அதிகாரி அதைப் பார்வையிடுவார். தரவுத்தளத்தில் இது ஒரு புதிய இசைவு விதி, ஓர் அவசர அணுகல் அட்டவணை ஆகிய இரண்டினால் அமையும்.

இவ்வேற்பாடு இல்லாத இடங்களில் ஊழியர்கள் தாங்களே வழி தேடிக்கொள்வார்கள். ஒருவரின் கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். அதன்பின் யார் எதைப் பார்த்தார் என்பதற்குக் கணக்கே இராது.

தணிக்கைக் குறிப்பு

பதிவுவாரி விதி, அனுமதி இல்லாதவரைத் தடுக்கும். அனுமதி உள்ளவர் அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்காது. தம் வார்டில் சேர்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் ஆய்வக முடிவை, வேலைக்குத் தேவையில்லாமல் ஓர் ஊழியர் பார்ப்பதை விதியால் அறிய முடியாது. அதற்குப் படித்தலையும் பதிவுசெய்யும் தணிக்கைக் குறிப்பு வேண்டும். சட்டம் கூறும் பொறுப்புடைமை இதனால்தான் நிறைவேறும். தணிக்கைக் குறிப்பிலும் நோயாளியின் பதிவெண் இருப்பதால், அதற்கும் கடுமையான அனுமதி விதி தேவை.

வேகமும் சோதனையும்

விதி ஒவ்வொரு வினவலிலும் சேர்வதால், விதியில் வரும் புலங்களுக்குச் சுட்டெண் அமைப்பது அவசியம். மேலே கண்ட எடுத்துக்காட்டில் சேர்க்கை அட்டவணையின் பதிவெண், வார்டு எண் ஆகியவற்றுக்கும், பணியமர்வு அட்டவணையின் ஊழியர் எண்ணுக்கும் சுட்டெண் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிறு தேடலுக்கும் முழு அட்டவணையைப் படிக்க நேரும்.

சோதிக்கும்போது, தெரிய வேண்டியது தெரிகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. தெரியக்கூடாதது தெரியாமல் இருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு பணிப்பங்காகச் சோதிக்க வேண்டும். நேற்று வார்டு மாறிய செவிலியர், இன்று காலை வீடு திரும்பிய நோயாளி, வார்டு ஒதுக்கப்படாதவர், பணியிலிருந்து விலகிய ஊழியர் ஆகிய நான்கு நிலைகளையும் கட்டாயம் சோதனையில் சேர்க்க வேண்டும்.

பிற பயன்பாடுகள்

இதே வடிவமைப்பு வேறு துறைகளுக்கும் பொருந்தும். 2021 இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 5 மண்டலங்களும் 70 வார்டுகளும் உள்ளன. இத்தகைய உள்ளாட்சி அமைப்பில், ஒரு வார்டின் வரி வசூலிப்பவர் தம் வார்டின் சொத்துவரிப் பதிவுகளையும், மண்டல அலுவலர் தம் மண்டலத்தின் எல்லா வார்டுகளையும் பார்க்குமாறு விதி எழுதலாம். கல்லூரியில் மாணவர் தம் மதிப்பெண்ணை மட்டும் படிக்கலாம்; ஆசிரியர் தாம் நடத்தும் பாடத்தின் மதிப்பெண்ணை முடிவு வெளியாகும் நாள் வரை திருத்தலாம். 2023 இல் இயற்றப்பட்ட மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைக் கையாளும் நிறுவனங்கள் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று கோருகிறது.

துறை எதுவாயினும் வடிவமைப்பு தொடங்க வேண்டிய இடம் ஒன்றே. முதலில் ஒவ்வொரு பணியையும் எடுத்து, அதைச் செய்ய எந்தப் பதிவு, எத்தனை நாளுக்குத் தேவை என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் சாதாரணத் தமிழில் தெளிவாக அமைந்தால், அதைத் தரவுத்தள விதியாக மாற்றுவது எளிது. பட்டியலிலேயே குழப்பம் இருந்தால் எந்தத் தரவுத்தளத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.